பறவைக் காய்ச்சலைப் பற்றி ஊர்க் கால்நடைப் பணியாளர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. ஒரு மகளிர் குழுக் கூட்டமைப்பில் இருபத்தைந்து பெண்கள் கால்நடைப் பணியாளர்களாக இருக்கிறார்கள். ஆட்டுக்குக் குடற்புழு மருந்து ஊற்றுவார்கள், கோழிக்கு ஊசி போடுவார்கள், மாடு வயிறு உப்பிக் கிடந்தால் மருத்துவர் வரும்வரை பார்த்துக்கொள்வார்கள். கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தாலே ஊரில் எல்லோரும் இவர்களைத்தான் கேட்கிறார்கள். ஒரு நாள் பயிற்சி வைக்க நினைக்கிறோம், அதில் எதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மதுரை, சிவகங்கைப் பக்கம் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்படிப்பட்ட பயிற்சிகள் நிறையப் பார்த்திருக்கிறேன், சிலவற்றை நடத்தியும் இருக்கிறேன். பெரும்பாலும் கிருமியின் படத்தில்தான் தொடங்குவார்கள். அப்புறம் அறிகுறிப் பட்டியல் வரும்: கொண்டையும் தாடியும் நீலம் பாரிக்கும், முகம் வீங்கும், கால் தோலில் ரத்தத் திட்டு தெரியும், முட்டை குறையும், திடீர்ச் சாவு. எல்லாம் உண்மைதான். ஆனால் இதை மட்டும் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகிற பெண் என்ன முடிவுக்கு வருவாள்? கொண்டை நீலமாக இல்லையா, அப்படியானால் இது பறவைக் காய்ச்சல் இல்லை என்றுதான். அந்த முடிவு ஆபத்தானது.

ஏனென்றால் நம் ஊரில் நாட்டுக்கோழி கூட்டமாகச் செத்தால் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: கழிச்சல். வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் நோய் என்று சொல்வதும் இதைத்தான். அதிலும் திடீர்ச் சாவு உண்டு, கழுத்து திருகும், மூச்சு இரையும், முட்டை நிற்கும். கோழி கிடக்கிற கிடையை மட்டும் பார்த்து இது கழிச்சல், இது பறவைக் காய்ச்சல் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முப்பது வருடம் கோழியைப் பார்த்த என்னாலும் முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். நம் நாட்டில் அதை உறுதிசெய்கிற இடம் போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனம். ஆகவே பயிற்சியில் முதலாவதாகப் பதிய வேண்டியது இது: பெயர் வைப்பது உங்கள் வேலை இல்லை, எண்ணிக்கையைச் சொல்வதுதான் உங்கள் வேலை. "கழிச்சல் வந்திருக்குங்க" என்று சொல்லக்கூடாது. "நேற்று காலையிலிருந்து இந்தத் தெருவில் மூணு வீட்டில் பதினோரு கோழி செத்திருக்கு" என்று சொல்ல வேண்டும்.

கொட்டாம்பட்டிக்கு அப்பால் ஒரு ஊரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு அப்பத்தா பஞ்சாரத்தைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இரண்டு கோழி செத்துக் கிடந்தன, ஒன்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. மீதி எங்கே என்று கேட்டேன். "செத்ததெல்லாம் கம்மாய்ல போட்டாச்சு. நல்லாருந்த நாலை நேத்து பொழுது சாய யாவாரி வந்தான், குடுத்துட்டேன். இந்தா, இது தலையத் தொங்கப்போட்டுருச்சு, அறுத்துக் கொழம்பு வச்சிருவோம்" என்றார். அவர் பேச்சில் பயமே இல்லை. வருஷா வருஷம் நடக்கிற காரியம். அன்று வந்தது கழிச்சல்தான், பிறகு ஆய்வில் உறுதியானது. ஆனால் அந்த மூன்று வாக்கியங்களுக்குள் நோய் ஊரைவிட்டு வெளியேறுகிற மூன்று வழிகளும் இருந்தன. கண்மாயில் போட்ட கோழியைக் காகமும் நாயும் இழுக்கும். வியாபாரி டிவிஎஸ் வண்டியின் இருபுறமும் கூடை கட்டிக்கொண்டு அன்றைக்கே நாலு ஊர் சுற்றுவார். அறுக்கிற கையில் ரத்தமும் எச்சமும் படும்.

உங்கள் பயிற்சியை இந்த மூன்றைச் சுற்றி அமைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. இதில் வியாபாரி விஷயத்தில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். நாலு கோழி செத்ததும் மீதியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவது ஏமாற்று வேலையில்லை. இருக்கிற காசையாவது எடுப்போம் என்கிற வீட்டுக் கணக்கு. அதை "விற்காதீர்கள்" என்று ஒரு வரியில் தடுக்க முடியாது. "மருத்துவர் வந்து பார்க்கும்வரை, இரண்டு நாள் மட்டும் பஞ்சாரத்துக்குள்ளேயே அடைத்து வையுங்கள், தீனியும் தண்ணியும் உள்ளேயே வையுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் கேட்பார்கள். இரண்டு நாள் என்று எல்லை சொல்வது முக்கியம்.

அடுத்து, செத்த கோழியை என்ன செய்வது. வெறுங்கையால் தொடக்கூடாது. கையுறை இல்லையென்றால் நல்ல பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, கோழியைப் பிடித்து, பையை அப்படியே வெளிப்புறமாகத் திருப்பி முடிச்சுப் போடலாம். அதன்மேல் இன்னொரு பை. நிழலில், நாயும் பூனையும் எட்டாத இடத்தில், மருத்துவர் வரும்வரை வைத்திருக்க வேண்டும். அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் கிணற்றுக்கும் கண்மாய்க்கும் தள்ளி ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். முக்கியமாக, வயிற்றைக் கிழித்துப் பார்க்கவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுத் திண்ணையிலேயே, வெறுங்கையோடு, செத்த கோழியை அறுத்து ஈரலையும் குடலையும் காட்டி விளக்கியிருக்கிறேன். சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். இப்போது நினைத்தாலும் மனசு அடித்துக்கொள்கிறது. பறவைக் காய்ச்சல் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் களத்தில் அறுவை கிடையாது. மாதிரி எடுப்பதற்கென்று பயிற்சி பெற்ற துறை ஆட்கள் வருவார்கள்.

பூனை என்று சொன்னேனே, அதையும் விட்டுவிடாதீர்கள். புலியும் பூனை இனம்தான்; 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா வனவிலங்கு மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இந்தக் கிருமியால் செத்தன. கோழிக்குடலைப் பூனைக்குப் போடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாடுகளிலும் எச்5என்1 என்கிற இந்தப் பறவைக் காய்ச்சல் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. நம் நாட்டு மாடுகளைப் பற்றி வீணாகப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கோழியை மட்டும் பார்த்தால் போதும் என்ற காலம் போய்விட்டது.

சரி, மனிதருக்கு எவ்வளவு ஆபத்து? இதை மறைக்காமல், ஊதிப் பெருக்காமல் சொல்ல வேண்டும். 1997இல் ஹாங்காங்கில்தான் மனிதர்களிடம் எச்5என்1 முதலில் தெரிந்தது. 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். 2003க்குப் பிறகு உலகம் முழுக்க 900க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்திருக்கிறது, ஏறக்குறைய பாதிப்பேர் பிழைக்கவில்லை. இந்தியாவில் 2021இல் அரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவனும், 2025இல் ஆந்திராவில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றும் இறந்திருக்கிறார்கள். எண்ணிக்கை சிறியது. மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் தொற்றுவதும் இல்லை. ஆனால் வந்துவிட்டால் பிழைப்பது கடினம், அதுவும் நோயுற்ற பறவையோடு நெருங்கிப் புழங்குகிறவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. அந்த நெருக்கத்தில் இருப்பது உங்கள் இருபத்தைந்து பெண்கள்தான். சந்தேகமான வீட்டுக்குப் போய்வந்த பிறகு பத்து நாளுக்குள் காய்ச்சல், இருமல், தொண்டைவலி, கண் சிவப்பு எது வந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். போனதும் முதல் வார்த்தையாக "செத்த கோழி இருந்த வீட்டுக்குப் போயிருந்தேன்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணச் சளி மாத்திரையோடு திரும்பி வர வேண்டியதுதான். கர்ப்பிணிகளையும், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களையும் அந்த வேலைக்கு அனுப்பவே வேண்டாம்.

கூட்டமாகக் கோழிகளை அழிக்கிற வேலைக்கும் இவர்களைக் கூப்பிட இடம் கொடுக்காதீர்கள். அதற்குத் துறையின் விரைவு நடவடிக்கைக் குழு இருக்கிறது; முழுப் பாதுகாப்பு உடை, என்95 முகக்கவசம், கண்ணாடி, முன்கூட்டியே ஓசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை எல்லாம் அவர்களுக்குத் தருவார்கள். ஆள் பற்றாக்குறை என்று கையுறை மட்டும் கொடுத்து ஊர்ப்பெண்களைக் குழிப் பக்கம் நிறுத்துவதை ஒத்துக்கொள்ளவே கூடாது.

கை சுத்தத்தைப் பேசிப் புரியவைக்க முடியாது, செய்துதான் காட்ட வேண்டும். நான் செய்கிற முறை ஒன்று. ஒரு வாளியில் மஞ்சளைக் கெட்டியாகக் கரைத்துவைப்பேன். கையுறை மாட்டிய பிறகு அதில் கையை முக்கச் சொல்லி, துணியால் செய்த ஒரு பொம்மைக் கோழியைப் பிடித்துப் பையில் போட்டுக் கட்டச் சொல்வேன். நடுவில் அவர்களுடைய போனை அடிக்கவைப்பேன். எல்லாம் முடிந்து கையுறையைக் கழற்றிய பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கச் சொல்வேன். போனில் மஞ்சள், முந்தானையில் மஞ்சள், காதோர முடியில் மஞ்சள், ஒரு பெண்ணுக்கு மூக்குத்தியில்கூட மஞ்சள். அறை அமைதியாகிவிடும். "இது கோழி எச்சமா இருந்தா?" என்று யாராவது ஒருவரே கேட்பார். அதற்குப் பிறகு கையுறையின் வெளிப்புறத்தைத் தொடாமல் உள்பக்கமாக உருட்டிக் கழற்றுவதை ஒருமுறை காட்டினால் போதும், மறக்க மாட்டார்கள். முகக்கவசத்தைக் கடைசியில், காதுக்கயிற்றைப் பிடித்து. அதற்கு முன்னும் பின்னும் சோப்பு. இந்தக் கிருமிக்கு மேலே கொழுப்பு உறை இருக்கிறது, சாதாரணச் சோப்பே அதை உடைத்துவிடும்.

செருப்புக்கும் இதே கவனம் வேண்டும். வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தட்டு வைத்து, அதில் மிதித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். எச்சமும் சாணியும் அப்பிய செருப்பை அதில் நனைத்தால் ஒன்றும் நடக்காது, அழுக்கு அந்த மருந்தின் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவு, பிறகு நனை. எச்சத்துக்குள் இந்தக் கிருமி குளிர்ந்த ஈரத்தில் ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடு இருக்கும், நம் வெயிலில் சில நாள். நல்ல வெயில் நமக்கு உதவி. மார்கழிப் பனியில் அந்த உதவி கிடையாது.

மார்கழி என்றதும் பயிற்சியை எந்த மாதத்தில் வைப்பது என்பதற்கு வருகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறையும், வலசைப் பறவைகள் வரும். மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகிற பாதையில் வேட்டங்குடி சரணாலயம் இருக்கிறது. அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிற கொள்ளுக்குடிப்பட்டி மக்களைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் இல்லை. தையில் அறுப்பு முடிந்ததும் வாத்துக் கிடைக்காரர்கள் தாள் வயலில் வாத்தை இறக்குவார்கள். அதே தை, மாசியில் கோயில்களுக்கு நேர்த்திக்கடன் சேவல்கள் போகும்; ஜனவரியில் வடக்கம்பட்டி முனியாண்டிக்கு வருகிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் அரசின் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம், உங்கள் பெண்கள் வீடு வீடாக ஏறி இறங்குகிற மாதம். காட்டுப்பறவை, வாத்து, கோயில் சேவல், ஊசி போடுகிற ஆள் நாலும் ஒரே நாலைந்து மாதத்துக்குள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. அதனால் பயிற்சியைப் புரட்டாசியில் முடித்துவிடுங்கள். செய்தி வந்த பிறகு நடத்தினால் கேட்கிறவர்கள் காதில் பயம்தான் ஏறும்.

தடுப்பூசி முகாமைப் பற்றி இன்னும் கொஞ்சம். எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிக்கு இறக்கைத் தோலடியில் அரை மில்லி. பனிக்கட்டியோடு எடுத்துப்போய், கரைத்ததும் சீக்கிரம் போட்டு முடிக்க வேண்டும். இது கழிச்சலுக்கான ஊசி, பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனாலும் பறவைக் காய்ச்சலைப் பிடிக்க இதைவிட நல்ல கருவி ஊரில் கிடையாது. எப்படி என்றால், கழிச்சலுக்கு ஒழுங்காக ஊசி போட்ட ஊரில் கோழி கூட்டமாகச் சாகாது. அங்கே ஒருநாள் செத்தால் அந்தச் சாவு தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். போடாத ஊரில் எந்தச் சாவும் கழிச்சல் கணக்கில் கரைந்துவிடும். இதைப் பெண்களுக்கு விளக்கிச் சொன்னால் அந்த ஊசிக்கே ஒரு புது மரியாதை வரும்.

ஆனால் ஊசி போடுகிறவரே நோயைச் சுமக்கவும் கூடும். பத்துக் கோழியைப் பிடித்த கையோடு, எச்சம் பட்ட சேலையோடு அடுத்த வீட்டுக்கு நடந்தால், வண்டியில் வருகிற வியாபாரிக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? ஆகவே ஒரு கட்டாயம்: தெருவில் கோழி செத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் அந்தத் தெருவில் அன்று ஊசி இல்லை. பெட்டியை மூடிவிட்டு, கை கால் கழுவி, போன் செய்ய வேண்டும். மற்றத் தெருக்களில் கோழியை வீட்டுக்காரரே பிடித்துக் கொடுக்கட்டும். அடுத்த வீட்டுக்கு முன் கை கழுவல், ஊசி மாற்றல். இலக்கு எண்ணிக்கை முடியவில்லையே என்று யாரும் திட்டக்கூடாது. திட்டுவார்கள் என்றால் அதை முதலில் மருத்துவரிடம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

வாத்துக் கிடைக்காரர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேரளாவில் 2014, 2016, 2021, 2024 என்று திரும்பத் திரும்ப நோய் வந்தது ஆலப்புழையைச் சுற்றிய வாத்து வயல்களில்தான். வாத்து பல சமயம் எந்த அறிகுறியும் காட்டாமல் கிருமியை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு சோதனைச்சாவடிகளில் லாரி டயருக்கு மருந்து அடிப்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஏற்கெனவே நம் வயலில் கிடை போட்டிருக்கிற வாத்துக்குச் சாவடி கிடையாது. உங்கள் பெண்களில் ஒருவர் அந்தக் கிடைக்குப் போய், எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், வழியில் எத்தனை செத்தது, எங்கே போட்டீர்கள் என்று கேட்டுவைத்தால் போதும். அதட்டிக் கேட்கக்கூடாது. குடும்பத்தோடு வெட்டவெளியில் கிடக்கிறவர்கள் அவர்கள், விரட்டினால் செத்த வாத்தை ராத்திரியோடு வாய்க்காலில் போட்டுவிட்டு அடுத்த ஊருக்கு நகர்ந்துவிடுவார்கள். இந்தோனேசியாவில் 2006 முதல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் உதவியோடு ஊர் ஊராகப் பறவைக் காய்ச்சலைக் கண்டுபிடிக்கவென்றே ஆயிரக்கணக்கான களப்பணியாளர்களைப் பழக்கினார்கள். அதில் பெரிய பாடமே கேள்வித்தாளை மூடிவைத்துவிட்டு ஊர்க்காரரோடு உட்கார்ந்து பேசுவது எப்படி என்பதுதான். வலசைப் பறவைகளைக் குற்றவாளியாக்குவதையும் பயிற்சியில் அனுமதிக்காதீர்கள். கண்மாயில் கூட்டைக் கலைத்தால் பறவை நாலு கண்மாய்க்குச் சிதறும்.

இனி, எனக்கு மிகவும் கனமாகத் தெரிகிற விஷயம். நோய் உறுதியானால் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் இருக்கிற கோழி, வாத்து எல்லாவற்றையும் அழிப்பார்கள். அங்கிருந்து 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். 2006இல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் இந்தியாவில் முதன்முதலாக வந்ததிலிருந்து நம் நாட்டின் வழி இதுதான்: கண்டுபிடி, அழி. அழித்த பறவைக்கு அரசு இழப்பீடு உண்டு. அதற்கு முன்பே செத்ததற்குக் கிடையாது. அப்படியானால் சீக்கிரம் சொல்கிற வீட்டுக்குத்தான் காசு, தாமதிக்கிற வீட்டுக்கு நஷ்டம். இதை எல்லா ஊரிலும் தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால் கணக்கு அதோடு முடிவதில்லை. தகவல் சொன்ன பெண்ணால் பக்கத்துத் தெருவின் நல்ல கோழியும் போகிறது. பிள்ளை பள்ளிச் செலவுக்கு வளர்த்த பெட்டைக்கோழி, குலதெய்வத்துக்கு விட்ட சேவல், ஆயிரக்கணக்கில் விலை பேசிய அசில் சேவல் எல்லாம் போகும். அதற்குப் பிறகு அந்தப் பெண் அதே தெருவில் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

கேரளாவில் நோய் என்று செய்தி ஓடிய ஒரு வருடம், தகவல் சொன்ன ஒரு பணியாளரின் பெயரை ஓர் அலுவலகத்தில் யாரோ வெளியே சொல்லிவிட்டார்கள். சோதனையில் நோய் இல்லை என்றே வந்தது. இருந்தும் மூன்று மாதம் அவர் வீட்டு விசேஷத்துக்கு யாரும் வரவில்லை. அவர் அதற்குப் பிறகு எந்தச் சாவையும் சொல்லவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அதனால் பயிற்சிக்கு ஊராட்சித் தலைவரையும் கிராம நிர்வாக அலுவலரையும் கட்டாயம் ஒரு மணி நேரமாவது உட்காரவையுங்கள். 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்ச் சட்டப்படி தகவல் சொல்வது கால்நடை வைத்திருப்பவரின் கடமை. அந்தப் பாரம் உங்கள் பணியாளர் தலையில் மட்டும் இல்லை என்பதை அவர்கள் வாயாலேயே ஊருக்குச் சொல்லவையுங்கள். மருத்துவருக்குப் போகிற தகவல் கூட்டமைப்பின் பெயரில் போகட்டும், தனி ஆள் பெயரில் வேண்டாம்.

கறி, முட்டை சாப்பிடலாமா என்ற கேள்வி எப்படியும் வரும். உள்ளே வரை 70 டிகிரி சூடு ஏறி வெந்த கறியிலும் முட்டையிலும் கிருமி இருக்காது. குழம்பில் கொதிக்கிற கறிக்குப் பயமே வேண்டாம். ஆனால் பக்கத்தில் நோய் உறுதியான நாட்களில் ஆஃப் பாயிலும் கலக்கியும் வேண்டாம், பச்சை முட்டை குடிப்பதும் வேண்டாம். சாகப்போகிற கோழியை அறுத்துக் குழம்பு வைப்பது மட்டும் எந்த நாளிலும் கூடாது, ஏனென்றால் ஆபத்து குழம்பில் இல்லை, அறுக்கிற, ரோமம் பிடுங்குகிற கையில் இருக்கிறது.

எப்போது போன் செய்வது என்பதற்கு நான் சொல்லிக்கொடுக்கிற அளவு எளிதானது: ஒரு வீட்டில் இரண்டு நாளைக்குள் மூன்று கோழி, அல்லது ஒரே தெருவில் இரண்டு வீடு, அல்லது காகமோ கொக்கோ காரணமில்லாமல் ஓர் இடத்தில் நாலைந்து செத்துக் கிடப்பது. இது அரசு விதி இல்லை, என் அனுபவ அளவு. உங்கள் மருத்துவரோடு பேசி மாற்றிக்கொள்ளுங்கள். முதல் போன் உங்கள் கால்நடை மருந்தகத்துக்கு, கிடைக்காவிட்டால் கால்நடை உதவி எண் 1962.

ஒரு நாளை இரண்டு அரைநாளாகப் பிரிக்க முடிந்தால் நல்லது. முதல் அரைநாள் அறைக்குள், மஞ்சள் வாளியோடு. இரண்டாவது அரைநாள் ஏதாவது ஒரு ஊரில், உண்மையான பஞ்சாரங்களுக்கு நடுவில், ஒரு வீட்டுக்காரரைச் சம்மதிக்கவைத்து "கோழி செத்துவிட்டது" என்று நடிக்கச் சொல்லி. கடைசியில் இருபத்தைந்து பேரும், ஒருவர் விடாமல், தங்கள் போனிலிருந்தே மருத்துவரை அழைத்து ஊர், தெரு, எத்தனை வீடு, எத்தனை கோழி, எப்போதிலிருந்து என்று சொல்லிப் பழக வேண்டும். மருத்துவரிடம் முன்பே கேட்டு அந்த ஒரு மணி நேரத்தை வாங்கிவையுங்கள். முதல் ஐந்து பேர் தடுமாறுவார்கள், "ஐயா, நான் வந்து..." என்று இழுப்பார்கள். பத்தாவது ஆளிலிருந்து சரியாகிவிடும்.